முள்ளிக்குளத்துக் கரையில் ஒரு பனிச்சப்பாத்து



கனடாவில் இருக்கும் என் தங்கை மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் அனுப்பியிருந்தாள். அவளுடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து பனிமலைக்குக் கூட்டிப் போகிறார்களாம். ஒரே பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டுமாம். 'ஸ்நோபோர்ட்' என்று அதற்குப் பெயர். "நானா, பிள்ளையை விடலாமா? விடுவதென்றால் எப்படிப்பட்ட சப்பாத்து வாங்குவது? அதைக் கழற்றாமல் வுளூ எடுக்கலாமா?"

மூன்றாவது கேள்விக்கு மட்டுந்தான் என்னிடம் விடை இருந்தது. நான் மன்னார்க் கரைக்காரன். ஐஸ் என்றால் மீன்பெட்டியில் கொட்டுவது என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை முள்ளிக்குளத்துப் பக்கம் காத்திருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். கேளுங்கள்.

கடந்த ஆகஸ்டில் ஒரு சிறு மக்தபின் பரீட்சைக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். மன்னார்ப் பட்டினத்தில் இருந்து பாலத்தைத் தாண்டித் தெற்கே திரும்பினால் வங்காலை. அங்கே உப்புத் தரவைகளில் பறவைகள் இறங்கும். 2010 இல் அந்த இடம் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைக் கடந்தால் அருவியாறு, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, பிறகு முள்ளிக்குளம். பஸ்ஸின் இடப்பக்கம் பற்றைக்காடு, வலப்பக்கம் விட்டுவிட்டுக் கடல். அது சோளகக் காற்றுக் காலம். யன்னலைத் திறந்தால் தொப்பி போய்விடும், மூடினால் மூச்சு முட்டும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளை நிறுத்தி 'தம்பபவனி' என்று பெயர் வைத்தார்களே, அந்தக் காற்றாடிகளைச் சுற்றுகிற காற்றும் இதுதான்.

இந்தக் கரைக்கு உலகம் முழுவதும் ஆள் வந்த காலம் ஒன்று உண்டு. சிலாவத்துறை என்ற பேரே சலாபத்துறை என்பதில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. 1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கியபோது, இந்தக் கடலில் எடுத்த முத்துகளை அரசன் அவருக்குக் காட்டியதாகத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அரபுக் கல்லூரியில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது, உஸ்தாத் அவர்கள் "உன் ஊர்க்கதைதானே, நீயே வாசி" என்று என்னை எழுப்பி நிறுத்தியது நினைவிருக்கிறது. பிற்காலத்தில் வெள்ளைக்காரன் வந்தான். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் நோர்த் 1801 முதல் 1804 வரை அரிப்பில் ஒரு மாளிகை கட்டினார். இன்று அதன் செங்கற்சுவர்களை அலை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருக்கிறது. முள்ளிக்குளத்துக்குத் தெற்கே இருக்கும் மறிச்சுக்கட்டியில் 1900களின் தொடக்கத்தில் சலாபம் கூடிய நாட்களில், ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே எழும்பி, இரண்டு மாதத்தில் இல்லாமலும் போகும். கீழக்கரையில் இருந்தும் பாரசீக வளைகுடாவில் இருந்தும் குளியாளிகள் வருவார்கள். 1906 இல் அங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்த லெனார்ட் வூல்ஃப் என்ற இளைஞர், ஓர் அரபிக் குளியாளியின் மரணத்தையும் கூட வந்தவர்களின் துக்கத்தையும் முதிய வயதில் எழுதிய சுயசரிதையில் மறக்காமல் பதிந்திருக்கிறார். அதே 1906 இல் ஒரு லண்டன் கம்பெனி 20 வருடக் குத்தகைக்குக் கடலை எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி படவில்லை, கம்பெனியும் போயிற்று.

குளியாளி எப்படி இறங்குவான் தெரியுமா? கயிற்றில் ஒரு கனத்த கல்லைக் கட்டி, அந்தக் கயிற்றில் ஒரு காலை மாட்டிக்கொண்டு நிற்பான். கல் அவனை அடிக்குக் கொண்டு போகும். அடியில் காலை உருவிவிட்டால் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். காலை உருவ முடியாமற் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் ஓதும் 'கடல் கட்டி' என்ற ஆளுக்கு அன்று அரசாங்கமே படி அளந்தது. அந்த மூட நம்பிக்கையைப் பற்றி வேறொரு சமயம் பேசுவோம். இப்போது காலையும் கயிற்றையும் மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளிக்குளம் கத்தோலிக்கச் சகோதரர்களின் ஊர். குளமும் வயலும் கடலும் மாதா கோவிலும் சேர்ந்த பழைய கிராமம். 2007 செப்டம்பரில் இராணுவ நடவடிக்கையோடு அந்த மக்கள் வெளியேற்றப்பட்டு, ஊர் கடற்படை முகாமாயிற்று. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக் காத்திருந்தார்கள். 2017 இல் பெண்கள் முன்னால் நின்று ஒரு மாதத்துக்கு மேல் வீதியோரம் உட்கார்ந்து போராடிய பிறகு, ஏப்ரல் கடைசியில் 100 ஏக்கரை விடக் கடற்படை சம்மதித்தது. அதைச் சுற்றியுள்ள நம்மவர்களின் ஊர்களான கரடிக்குளி, பாலைக்குளி, மறிச்சுக்கட்டி எல்லாம் அதற்கு முன்பே, 1990 அக்டோபரில், ஒரே வாரத்தில் வெறுமையாக்கப்பட்டவை. வடக்கில் இருந்து நம் சமூகம் முழுவதையும் புலிகள் வெளியேற்றியபோது சிலர் தோணியில் கற்பிட்டிக்கும், சிலர் காட்டு வழியாகப் புத்தளத்துக்கும் போனார்கள். போர் முடிந்த பின் திரும்பியவர்கள் காடு வளர்ந்துவிட்ட தங்கள் காணியைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதில் எழுந்த வில்பத்து வழக்குகளும் வாக்குவாதங்களும் உங்களுக்குத் தெரிந்தவையே.

பரீட்சை முடிந்து பகல் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டுக்குப் போனேன். கணவரை இழந்த தாய். கருவாடு போட்டு விற்று, சீட்டுக் கட்டி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டறையோடு ஒரு குசினியும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். முற்றத்து வேப்பமரத்தில் ஒரு பலகை சாய்ந்திருந்தது. முதலில் கதவு என்று நினைத்தேன். கிட்டப் போனால் நெஞ்சளவு உயரம், இரண்டு முனையும் உருண்டு மேலே வளைந்திருக்கிறது. நடுவில் இரண்டு கறுப்புச் சப்பாத்துகள் ஆணியால் பூட்டப்பட்டிருக்கின்றன. திண்ணையில் இருபத்தாறு வயதிருக்கும் மகன், வலது கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஹஸரத், நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்க" என்றார் தாய், சோற்றை வைத்த கையோடு. "கடலுக்குள்ள பட்டம் ஏத்துறான். காலை முறிச்சிட்டு வந்து படுத்திருக்கான். அதுக்குள்ள திரும்பவும் துபாய்க்குப் போகப்போறானாம், ஐஸ் மலையில சறுக்கிக் காட்டுறதுக்கு. புத்தியுள்ளவன் செய்யிற வேலையா?"

ஐஸ் மலை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விசயம் இதுதான். பையன் பிறந்தது கற்பிட்டியில், அகதிக் கொட்டிலில். கற்பிட்டிக் களப்பில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிப் பலகையில் ஓட வரத் தொடங்கிய காலத்தில் இவன் சிறுவன். காற்று ஊதும் பட்டத்தைக் கரையில் பிடித்துக் கொடுப்பான். அதற்குக் கொஞ்சம் காசு. பிறகு தானே ஓடப் பழகினான். துபாயில் வேலை கிடைத்துப் போனான். அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் 2005 முதல் செயற்கைப் பனிமலை இருக்கிறது. வெளியே 45 பாகை வெயில், உள்ளே பூச்சியத்துக்குக் கீழே குளிர், 400 மீட்டர் நீளச் சறுக்கு. மூன்று வருடம் அங்கே சப்பாத்துக் கொடுக்கும் மேசையில் நின்றிருக்கிறான். வருகிறவர்களின் காலை அளந்து சப்பாத்துப் போட்டுவிடுவதுதான் வேலை. ஓய்வு நேரத்தில் பலகையும் பழகினான். ஊருக்கு வந்து, பட்டக் காற்றுக் காலங்களில் கற்பிட்டியிலும் தலைமன்னார்ப் பக்கத்திலும் பழக்கிக் கொடுத்தான். இப்போது பனிமலையில் பழக்குநராக வரச்சொல்லி அழைப்பு. முதலில் ஓடிக்காட்டிச் சோதனையில் தேற வேண்டும்.

கால் எப்படிச் சுளுக்கியது என்று கேட்டேன். மரத்தில் சாய்ந்திருந்த சப்பாத்தைக் காட்டினான். ஊருக்குப் போன ஒரு சுற்றுலாக்காரர் அன்பளிப்பாக விட்டுப்போனதாம். இவன் காலை விட இரண்டு சென்டிமீட்டர் பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டு நிரப்பிக்கொண்டு களப்பில் ஓடியிருக்கிறான். விழுந்தபோது பலகை ஒரு பக்கம் திரும்பியது. சப்பாத்துக்குள் குதிக்கால் எழும்பி இன்னொரு பக்கம் முறுகியது. "மூணு வருசம் மத்தவங்களுக்கு அளந்து போட்ட நான், எனக்கு ஓசியில கிடைச்சதுன்னு போட்டேன் ஹஸரத்" என்றான். அந்த ஒரு வார்த்தையால்தான் அவனை எனக்குப் பிடித்துப் போயிற்று.

சகோதரிகளே, சாப்பிட்டு முடித்ததும் என் தங்கையின் கேள்வியை அவன் முன் வைத்தேன். அவன் சொன்னதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற உங்களில் எத்தனையோ பேருக்கு உதவும்.

சப்பாத்து வாங்கப் போவதென்றால் பின்னேரம் போக வேண்டும். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. ஒரே ஒரு மெல்லிய காலுறை, அதுவும் பருத்தியாக இல்லாமல் கம்பளியாக இருப்பது நல்லது. பருத்தி வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், கால் விறைத்துப்போகும். அளவைக் கடை நம்பரில் பார்க்காமல் சென்டிமீட்டரில் பார்க்க வேண்டும். சுவரோடு குதிக்காலை வைத்து நின்று, பெருவிரல் நுனி வரை அளந்தால் வருவதே உங்கள் நம்பர். போட்டு நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும். நுனிக்காலில் எம்பிப் பார்த்தால் குதிக்கால் உள்ளே எழும்பக் கூடாது. இதுதான் முக்கியமான சோதனை. குதிக்கால் எழும்பினால் அந்தச் சப்பாத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். புதுச் சப்பாத்தின் உள்மெத்தை நாளாக ஆகக் காலின் வடிவத்துக்கு அமுங்கி இளகும். அதனால் "பிள்ளை வளருமே" என்று நாம் பெருநாள் உடுப்பு எடுக்கிற மாதிரி இரண்டு நம்பர் கூட்டி எடுக்கிற புத்தி இங்கே ஆபத்து. முதல் வருடத்துக்கு வாடகைச் சப்பாத்தே போதும். பழகுகிறவர்களுக்கு வளைந்து கொடுக்கும் மெதுவான சப்பாத்து நல்லது. விறைப்பானது வேகமாக ஓடுகிறவர்களுக்கு.

சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் வார்க்கட்டை 'பைண்டிங்' என்கிறார்கள். அது சப்பாத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும். கணுக்கால் வார் நடுவில் விழ வேண்டும், இறுக வேண்டும், நோகக் கூடாது. சப்பாத்தின் விரல்பக்கமும் குதிப்பக்கமும் பலகைக்கு வெளியே ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு விரற்கடைக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் அதிகம் நீட்டினால், பலகையைச் சாய்க்கும்போது சப்பாத்து பனியில் இடறும், ஆள் தூக்கி எறியப்படுவார். இரண்டு காலுக்கும் இடையே தோளகலம். முன்கால் சற்று முன்னோக்கி 15 பாகை, பின்கால் கொஞ்சம் பின்னோக்கி. அது தொடங்குகிறவர்களுக்கு. நன்றாகச் சாய்ந்து வளைய விரும்புகிறவர்கள் பிறகு இரண்டு காலையும் முன்னோக்கித் திருப்பிக்கொள்வார்கள்.

எந்தக் கால் முன்னால்? காலுறையோடு வழுக்கும் தரையில் பிள்ளையை ஓடிவந்து சறுக்கச் சொல்லுங்கள். எந்தக் காலை முதலில் நீட்டுகிறதோ அதுதான் முன்கால். இதை அவன் சொன்னபோது அந்தத் தாய் சிரித்துவிட்டார். "இவன் சின்னதில பள்ளிவாசல் ஹவுளடியில வழுக்கி விளையாடுவான். இடதுகால்தான் முன்னுக்கு" என்றார்.

அஸருக்குப் பிறகு மூவருமாகக் கடற்கரைக்குப் போனோம், அவன் ஊன்றுகோலோடு. முகாம் வேலி முடிகிற இடத்துக்கு இப்பால், வலை காயப்போடும் மணல். அலை நனைத்துவிட்டுப் போன ஈரத்தில் கோலால் இரண்டு கோடு போட்டான். ஒன்று விளக்குமாற்றால் இழுத்தது போல அகலம். மற்றது கத்திநுனியால் கீறியது போல மெல்லியது. பழகாதவன் பலகையைக் குறுக்கே திருப்பிப் பனியைத் தேய்த்துக்கொண்டு இறங்குகிறான், அவன் போன தடம் அகலமாக இருக்கும். பழகியவன் பலகையின் ஓரத்தை மட்டும் பனிக்குள் இறக்கி, அந்த ஓரம் வெட்டும் வளைவிலேயே போகிறான். தடம் நூல் மாதிரி. இதைத்தான் 'கார்விங்' என்கிறார்கள், செதுக்குதல். ஓடி முடித்துத் திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள், வேறு வாத்தியார் வேண்டாம் என்றான்.

அது எப்படித் தானாக வளைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. பலகை நடுவில் ஒடுங்கி இரண்டு முனையும் அகன்றிருக்கும், நாம் சாய்த்து அழுத்தும்போது அது வில்லாக வளைந்து ஓரம் முழுவதும் பனியில் படும், அந்த வில்லின் வழியே ஓடும் என்று தன் கைவிரலை வளைத்துக் காட்டினான். சாய்ந்தால்தான் திரும்பும், சைக்கிள் போல. ஆனால் எங்கே சாய்வது என்பதில்தான் எல்லோரும் பிழைவிடுகிறார்கள். இடுப்பை மடித்துத் தலையைத் தரைக்குக் கொண்டுபோகிறார்கள். உடம்பு மடியும், பலகை சாயாது. கணுக்காலும் முழங்காலுமே சாய வேண்டும். குதிப்பக்கம் திரும்பும்போது பின்னால் ஒரு கதிரை இருக்கிறது என்று நினைத்து உட்கார வேண்டும். விரற்பக்கம் திரும்பும்போது முழங்காலால் சப்பாத்தின் நாக்கை அழுத்தி, வயிற்றை முன்னே தள்ள வேண்டும். பின்காலால் பலகையை உதைத்துத் திருப்புவதை மறந்துவிட வேண்டும். பார்வை காலடியில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஓர் ஓரத்தில் இருந்து மற்ற ஓரத்துக்கு மாறும் கணத்தில் பலகை தட்டையாக, நேர்கீழே பார்த்துக்கொண்டிருக்கும். பயம் வருவது அங்கேதான். அந்தப் பயத்தில் அவசரப்பட்டு உதைப்பவர்கள் விழுகிறார்கள். பொறுத்து, மெல்ல அழுத்தத்தைக் கூட்டினால் அது தானே வந்துவிடும். வேகத்தைக் குறைப்பதும் தேய்த்து அல்ல, வளைவை முடித்து மேட்டுப் பக்கம் ஏறவிட்டு. இதெல்லாம் சரிவு குறைந்த இடத்தில், முதலில் ஒரே ஓரத்தில் ஒரு பாதி வளைவு, பிறகு மற்ற ஓரத்தில். இரண்டையும் சேர்ப்பது கடைசியில்.

"கடல்லயும் இதேதான்" என்றான். பட்டம் காற்றோடு இழுக்கும். குதிப்பக்க ஓரத்தைத் தண்ணீரில் ஊன்றிச் சாய்ந்தால்தான் காற்றுக்கு எதிராக ஏறிக் கரைக்கு வர முடியும். ஊன்றத் தெரியாதவன் காற்று தள்ளிய இடத்துக்குப் போவான். ஆனால் தண்ணீரில் அவன் இனிமேல் சப்பாத்துப் பூட்டப் போவதில்லையாம். அங்கே சாதாரணக் கால்வார் போதும், விழுந்தால் கால் தானாகக் கழன்றுவிடும். பூட்டிய சப்பாத்துக் கழலாது. பனியில் பூட்டுத்தான் வேண்டும். எனக்கு அந்தக் குளியாளியின் கயிறு நினைவுக்கு வந்தது. அடிக்குப் போக மாட்டவும் வேண்டும், நேரத்துக்கு உருவவும் வேண்டும்.

இந்தப் பலகையின் கதையில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். 1965 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர், பனிக்கால விடுமுறையில் வீட்டில் அடைபட்டுக் குழப்படி செய்த தம் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பூட்டிக் கொடுத்தார். அதற்குப் பெயர் வைத்தது அவர் மனைவி. அப்போது காலுக்கு வார் கிடையாது, முன்னால் பிடிக்க ஒரு கயிறு மட்டும். வார்க்கட்டெல்லாம் 1970களின் கடைசியில் ஜேக் பர்ட்டன் போன்றவர்கள் சேர்த்தது. 1998 இல் அது ஒலிம்பிக்கிலும் நுழைந்துவிட்டது. நம் நாடுகளில் பார்க்க வேண்டுமென்றால் கஷ்மீரின் குல்மர்க்குக்குப் போக வேண்டும். 2020 முதல் அங்கே நடக்கும் இந்தியக் குளிர்கால விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

இனி, விடலாமா என்ற கேள்வி. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், ஒருமுறை அன்னையார் வென்று மறுமுறை நபியவர்கள் வென்றதும் அபூதாவூதில் வருகிறது. ஆகவே பெண்பிள்ளை ஓடுவதையும் விளையாடுவதையும் நான் தடுக்க மாட்டேன். உடையைப் பொறுத்தவரை பனியுடுப்பு நம் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போடுவதை விடத் தளர்வானது, முழுக்க மூடுவது. தலைக்கவசத்துக்குள் ஊசி குத்தாத ஒற்றைத் துணி உள்முக்காடு போடச் சொல்லுங்கள். ஊசி இருந்தால் விழும்போது தலையில் ஏறும். முந்தானை தொங்கினால் ஏற்றுநாற்காலியில் சிக்கும். புதிதாய்ப் பழகுகிறவர்கள் கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டுத்தான் அதிகம் முறிகிறது. அதற்கென்று உறை விற்கிறார்கள், தவறாமல் வாங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்க நமக்கு அனுமதி இல்லை என்ற திர்மிதி ஹதீஸ் உங்களுக்குத் தெரியும்.

வுளூவுக்கு வருகிறேன். நம் ஷாஃபிஈ மத்ஹபில் காலுறையின் மேல் மஸ்ஹு செய்ய, முழு வுளூவோடு கால் கழுவிய பின் அதை அணிந்திருக்க வேண்டும். கணுக்கால் உட்படப் பாதத்தை மூட வேண்டும், தூய்மையாக இருக்க வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு நடமாட முடிய வேண்டும், தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. பனிச்சப்பாத்து கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்பது. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று. அணிந்த பின் முதல் வுளூ முறிந்ததில் இருந்து கணக்கு. வுளூவோடு இருக்கும்போது கழற்றினால் கால்களைக் கழுவிக்கொண்டால் போதும். சில சப்பாத்துகளில் உள்மெத்தை தனியாகக் கழன்று வரும், அதைப் பற்றி அங்குள்ள ஆலிமிடம் சப்பாத்தையே கொண்டுபோய்க் காட்டிக் கேட்கும்படி தங்கைக்கு எழுதினேன். ஒற்றைச் செருப்போடு நடக்கக் கூடாது என்று ஹதீஸ் உண்டல்லவா? இவர்கள் ஏற்றுநாற்காலிக்குப் போகும்போது ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டுப் பலகையை இழுத்துக்கொண்டு நொண்டுவார்களாம். இரண்டு காலிலும் சப்பாத்து இருப்பதால் அது இதில் சேராது என்று பையனே மஸ்அலா சொன்னான். நான் மறுக்கவில்லை.

தாயின் கேள்விக்குத்தான் விடை சொல்லக் கஷ்டமாக இருந்தது. காலைப் பற்றிய பயம் அவருக்கு மேற்போர்வைதான். திரும்பி வரும் வழியில், மகன் பின்னால் நொண்டி வரும்போது, மெதுவாகச் சொன்னார். "ஹஸரத், தொண்ணூறுல நாங்க ரெண்டு நாளையில வாறோம் எண்டு சொல்லித்தான் கதவப் பூட்டினோம். வாறதுக்கு இருபது வருசம் போச்சு. இவங்கட வாப்பா வராமலே மௌத்தாப் போனாரு. இப்பதான் கூரை போட்டிருக்கேன். இவனும் போறேன் எண்டா நான் எப்படி ஹஸரத் போகச் சொல்லுறது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. தொழுதுவிட்டு வந்து மகனிடம் தனியே பேசினேன். தொழுகையைப் பற்றிக் கேட்டேன். அங்கே வேலை இடத்தில் தொழும் அறை இருந்தது, பனிக்குள் நிற்பதால் வக்தைத் தவற விடாமல் மணி வைத்துக்கொள்வேன் என்றான். எத்தனை வருடம் என்று கேட்டேன். இரண்டு என்றான். பிறகு இந்தக் கரையிலேயே, தன் ஊர்ப் பையன்களை வைத்து, பட்டம் பழக்கும் இடம் ஒன்று தொடங்க எண்ணமாம். கற்பிட்டியில் காசு பெரும்பாலும் வெளியார் கைக்குப் போவதைச் சிறுவயதில் இருந்தே பார்த்தவன் அவன். இதை உம்மாவிடம் சொன்னாயா என்றேன். சொல்லவில்லையாம். "அவங்க கேக்கல்ல" என்றான். நம் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த ஒரே வியாதி.

"நீ போய் அவங்கள்ட்டச் சொல்லு, நான் இங்க இருக்கேன்" என்று அனுப்பினேன். என் அபிப்பிராயத்தைத் தாய் கேட்டபோது, கால் முழுதாக ஆறும் வரை, வைத்தியர் சொல்லும் வரை, போகக் கூடாது என்றும், இரவல் சப்பாத்தோடு எந்தச் சோதனைக்கும் நிற்கக் கூடாது என்றும் மட்டும் சொன்னேன். மற்றதை அவர்கள் இருவருமே முடிவு செய்யட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரவு குசினியில் வெகுநேரம் பேச்சுக் கேட்டது. சுபஹுக்குப் பிறகு நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது, தாய் மகனைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார். காலுக்குக் கீழே சீமெந்துப் பையின் உள்தாள். குதிக்காலைச் சுவரோடு ஒட்டி, பென்சிலால் சுற்றி வரைந்து, தையல்பெட்டியில் இருந்த அளவுநாடாவைப் பிடித்தார். "26 அரை" என்று வாசித்தார். மகன் குனிந்து பார்த்து, நேராகப் பிடியுங்கோ உம்மா, வீங்கின கால அளக்காதீங்க, இடதுகால அளங்க என்றான். மறுபடி அளந்தார். அதே 26 அரை.

அந்தத் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். சீட்டுக் காசு அடுத்த மாதம் தன் முறை என்றும், சப்பாத்தைக் கனடாவில் வாங்கினால் மலிவாக இருக்குமா என்று என் தங்கையிடம் கேட்டுச் சொல்லும்படியும் சொன்னார். அன்றிரவே தங்கைக்கு எழுதினேன், அவளுடைய மூன்று கேள்விகளுக்கு விடையும், கீழே இந்த ஒரு கேள்வியும்.